பள்ளி நேரத்தில் மாணவர்களின் போன்: விதி எழுதுவதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

"வகுப்பறையில் கைபேசி பயன்படுத்தக் கூடாது" என்ற வரி அநேகமாக எல்லாப் பள்ளிகளின் விதிமுறைகளிலும் இருக்கிறது. அதே பள்ளிகளில்தான் கடைசி பெஞ்சில் மேசைக்கடியில் ஒரு முகம் நீல வெளிச்சத்தில் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த விதியைக் கொண்டுவரும் குழுவில் நான் இரண்டு முறை இருந்திருக்கிறேன். முதல் முறை ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது முறை நிலைத்துவிட்டது. இரண்டிலும் விதியின் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். பகல் முழுவதும் போன் எங்கே இருக்கும், அதை யார் கேட்டு வாங்குவார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் முதல் முறை எங்களிடம் பதில் இல்லை. இரண்டாவது முறை இருந்தது. கீழே வரும் ஒவ்வொரு படியும் சுற்றிச் சுற்றி இந்த இரண்டு கேள்விகளிடம்தான் வந்து நிற்கும்.

படி 1: எதற்காக இதைச் செய்கிறீர்கள்?

மதிப்பெண் ஏறும், மனநலம் சீராகும், கேலியும் வம்பும் ஒழியும் என்று எல்லாவற்றையும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆய்வுகள் அந்த அளவுக்குத் துணை நிற்கவில்லை.

இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளின் தேர்வு முடிவுகளை வைத்து 2015-இல் வந்த ஓர் ஆய்வு, போனைத் தடைசெய்த பிறகு மதிப்பெண்கள் சற்று உயர்ந்ததைக் காட்டியது. உயர்வு பெரும்பாலும் படிப்பில் பின்தங்கிய மாணவர்களிடம்தான். நன்றாகப் படிப்பவர்களுக்குத் தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பிறகு சுவீடனில் அதே முறையில் செய்து பார்த்தார்கள், அங்கே பலன் எதுவும் தென்படவில்லை. 2025 தொடக்கத்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகம் வெளியிட்ட, 30 பள்ளிகளில் 1,227 மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், கட்டுப்பாடு உள்ள பள்ளி மாணவர்களுக்கும் இல்லாத பள்ளி மாணவர்களுக்கும் மனநலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பள்ளி நேரத்தில் போன் பயன்பாடு குறைந்தது. ஆனால் ஒரு நாளின் மொத்தக் கணக்கில் அது பெரிதாகப் பிரதிபலிக்கவில்லை.

அப்படியென்றால் ஏன் மெனக்கெட வேண்டும்? வகுப்பறைக்காக. பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வில், 2022-ஆம் ஆண்டு, ஓஈசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) நாடுகளின் சராசரியாக 65 சதவீத மாணவர்கள், சில கணித வகுப்புகளிலாவது தங்கள் கவனம் டிஜிட்டல் சாதனங்களால் சிதறுவதாகச் சொன்னார்கள். இன்னொரு எண்ணைத்தான் நான் ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு முறை படித்துக் காட்டுவேன்: 59 சதவீதம் பேர், அடுத்தவர் சாதனம் பயன்படுத்துவதால் தங்கள் கவனம் போவதாகச் சொன்னார்கள். ஒருவனின் கையில் இருப்பது பக்கத்தில் இருப்பவனின் பாடத்தையும் கெடுக்கிறது. "என் பிள்ளைக்குக் கட்டுப்பாடு உண்டு, அவனை ஏன் தடுக்கிறீர்கள்?" என்று கேட்கும் பெற்றோருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஆகவே, பாடவேளையில் கவனம், இடைவேளையில் பேச்சும் விளையாட்டும், கழிவறையிலும் உடைமாற்றும் அறையிலும் கேமரா பயம் இல்லாத நிலை. இந்த மூன்றுக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள். மூன்றையும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியும்.

படி 2: ஒரு வாரம் கணக்கெடுங்கள்

விதி வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு வாரத்துக்கு, போனுக்காகப் பாடத்தை எத்தனை முறை நிறுத்தினோம் என்று ஒரு துண்டுச் சீட்டில் கோடு போட்டு வைக்கட்டும். மாணவர் பெயர் வேண்டாம்.

மூத்த வகுப்புகளில் இன்னொன்றும் செய்யலாம். ஒரே ஒரு பாடவேளைக்கு எல்லோரும் போனைச் சத்தத்தோடு மேசைமேல் வைத்து, நோட்டிஃபிகேஷன் வரும்போதெல்லாம் கரும்பலகையில் எழுந்து கோடு போட வேண்டும். பாடம் நடக்காது, அதற்குத் தயாராக இருங்கள். மணி அடிக்கும்போது கரும்பலகை இருக்கும் கோலத்தை மாணவர்களே பார்ப்பது பத்து அறிவுரைக்குச் சமம். அந்தக் கோடுகளில் கணிசமானவை அம்மா அப்பாவிடமிருந்து வந்தவையாக இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், படி 7-இல் தேவைப்படும்.

படி 3: போன் எங்கே இருக்கும்?

பாதிக்கும் மேற்பட்ட வேலை இந்த முடிவில்தான் இருக்கிறது, அதனால் அவசரப்படாதீர்கள்.

முதலில் ஒதுக்க வேண்டியது, "அந்தந்த ஆசிரியரின் விருப்பப்படி" என்ற ஏற்பாடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் அனுமதிக்கும் பள்ளியில், அனுமதிக்காதவர் வில்லன் ஆகிவிடுவார். மாணவர்கள் தினமும் ஒப்பிடுவார்கள். "அந்த சார் ஒன்றும் சொல்வதில்லையே" என்ற வாக்கியத்தோடு ஒவ்வொரு பாடவேளையும் தொடங்கும். எங்கள் முதல் முயற்சி செத்தது இதனால்தான். கடைசியில் கண்டிப்பாக இருந்த மூன்று ஆசிரியர்களும் களைத்துப்போய், காணாததுபோல் இருந்துவிட்டார்கள்.

அடுத்தது, அணைத்துப் பையில் வைக்கும் முறை. செலவில்லை, உடனே தொடங்கலாம், தொலைந்தால் பள்ளிக்குப் பொறுப்பில்லை. சிறிய பள்ளிகளுக்கும், ஆசிரியருக்கும் மாணவருக்கும் நல்ல பழக்கம் உள்ள இடங்களுக்கும் இது போதும். ஆனால் அணைத்து வைத்திருக்கிறார்களா என்பதை யாராலும் பார்க்க முடியாது; கழிவறைக்குப் போகும்போது போனும் கூடவே போகும். பிரான்ஸின் அனுபவம் இங்கே உதவும். அந்த நாடு 2010-இலேயே பாடவேளையில் தடை கொண்டுவந்தது, 2018-இல் அதை நடுநிலைப் பள்ளி வரை வளாகம் முழுவதற்கும் விரித்தது. போன் பையிலேயே இருந்தது. 2024-இல் சுமார் 200 பள்ளிகளில், வந்தவுடன் போனை வாங்கி வைத்துவிட்டு மாலையில் கொடுக்கும் முறையைச் சோதிக்கத் தொடங்கினார்கள். சட்டம் இருந்தும் இடம் மாறாததால் வந்த இரண்டாவது சுற்று என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

அடுத்து, வாங்கி வைக்கும் முறை. வாசலிலேயே வாங்கலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாணவருக்குப் பத்து வினாடி என்று வைத்தால்கூட ஆயிரம் பேருக்கு ஒரு வாசலில் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். வகுப்பறையில் நாற்பது பேர் என்றால் ஏழு நிமிடத்துக்குள் முடியும்; வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தோடு சேர்ந்தே போய்விடும். ஆகவே முதல் பாடவேளைக்கு முன்பு, வகுப்பாசிரியர் முன்னிலையில், எண் போட்ட அறைகள் கொண்ட தட்டிலோ பையிலோ வைப்பது நல்லது. மாணவரின் வருகைப்பதிவு எண்ணும் அறையின் எண்ணும் ஒன்றாக இருந்தால், காலியாக இருக்கும் அறை உடனே கண்ணில் படும். "இன்று கொண்டுவரவில்லை" என்பவர் ஒரு தாளில் கையெழுத்திடட்டும்.

பிறகு அந்தத் தட்டு எங்கே போகும்? வகுப்பறையிலேயே பூட்டிய அலமாரியா, அலுவலகமா? யாரிடம் சாவி? மதியம் உடம்பு சரியில்லாமல் வீட்டுக்குப் போகும் மாணவர் யாரிடம் கேட்பார்? கடைசிப் பாடவேளை விளையாட்டு மைதானத்தில் என்றால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைத் தாளில் எழுதிவையுங்கள். போன் உடைந்தாலோ காணாமல் போனாலோ யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

டம்மி போனுக்கும் தயாராக இருங்கள். உடைந்த பழைய போனைத் தட்டில் வைத்துவிட்டு நல்லதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது உலகம் முழுக்க மாணவர்கள் கண்டுபிடித்த தந்திரம். இதற்காகச் சட்டைப்பைகளைச் சோதிக்கக் கிளம்பாதீர்கள். வெளியே எடுத்தால் மட்டுமே நடவடிக்கை என்று இருந்துவிடுங்கள். எடுக்கவே முடியாத போனால் யாருக்கும் தொல்லையில்லை.

காந்தப் பூட்டுப் பைகளும் இருக்கின்றன. போன் மாணவரிடமே இருக்கும், பை மட்டும் பூட்டியிருக்கும், மாலையில் வாசலில் உள்ள காந்தத்தில் தட்டினால் திறக்கும். பொறுப்புச் சிக்கல் இதில் குறைவு. ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பை வாங்க வேண்டும், கிழிந்தால் மாற்ற வேண்டும், வலுவான காந்தம் ஒன்றை எவனாவது தேடிக் கண்டுபிடித்துவிடுவான். பணம் இருந்தால் யோசிக்கலாம். முதல் ஆண்டிலேயே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசி வழி, கொண்டுவரவே கூடாது என்பது. நீண்ட தூரம் தனியாகப் பயணம் செய்யும் பிள்ளைகள் இருக்கும் வரை இது தலைவலிதான். நியூயார்க் நகரப் பள்ளிகள் பல ஆண்டுகள் இப்படித் தடை வைத்திருந்தன. நுழைவாயிலில் உலோகம் கண்டறியும் கருவி இருந்த பள்ளிகளில் மட்டும் விதி உண்மையாகவே அமலானது. அங்கே படித்தவர்கள் வெளியே நிறுத்தியிருந்த தனியார் வண்டிகளில் நாளுக்கு ஒரு டாலர் கொடுத்துப் போனை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். மற்ற பள்ளிகளில் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. 2015-இல் அந்தத் தடையையே நீக்கிவிட்டார்கள். வைக்க இடம் தராத விதியின் செலவை ஏழை மாணவர்கள்தான் சுமந்தார்கள்.

படி 4: எவை எல்லாம் அடங்கும்?

"கைபேசி" என்று மட்டும் எழுதினால் மறுநாள் ஸ்மார்ட் வாட்சில் செய்தி வரும். நெதர்லாந்து 2024 ஜனவரியில் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் கட்டுப்பாடு கொண்டுவந்தபோதே டேப்லெட்டையும் ஸ்மார்ட் வாட்சையும் சேர்த்துக்கொண்டது. "இணையத்திலோ வேறு சாதனத்திலோ இணையக்கூடிய, மாணவருக்குச் சொந்தமான எந்தச் சாதனமும்" என்று எழுதினால் காதில் மாட்டும் ப்ளூடூத், கேமரா வைத்த கண்ணாடி எல்லாம் அடங்கிவிடும்.

நேரத்தையும் அப்படியே தெளிவாக்குங்கள். பாடவேளையில் மட்டும் தடை என்றால் ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் போனை உள்ளே வைக்கச் சொல்லும் சண்டை புதிதாகத் தொடங்கும். ஒரு நாளுக்கு ஏழெட்டு முறை. முதல் மணி முதல் கடைசி மணி வரை என்றால் ஒரே முறைதான். சுற்றுலா, பள்ளிப் பேருந்து, மாலை நேரச் சிறப்பு வகுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்.

படி 5: பள்ளியே போனை நம்பியிருக்கும் இடங்களைத் தேடுங்கள்

பெரும்பாலான குழுக்கள் மறந்துவிடும் படி இது. நாங்கள் ஒரு மதியம் உட்கார்ந்து பட்டியல் போட்டபோது வெட்கமாகவே இருந்தது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. கால அட்டவணை செயலியில் இருக்கிறது. ஓர் ஆசிரியர் வினாடி வினாவுக்கு "போனை எடுங்கள்" என்கிறார். இன்னொருவர் பாடம் முடிந்ததும் கரும்பலகையைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பாதி வகுப்பறைகளில் சுவர்க் கடிகாரம் இல்லை. நேரம் பார்க்கவே போன்தான்.

ஆக, விதி தொடங்கும் நாளுக்கு முன்பே எல்லா அறையிலும் கடிகாரம், சுவரில் அச்சிட்ட அட்டவணை, அறிவியல் வகுப்புக்கு ஒரு பெட்டி கால்குலேட்டர், வீட்டுப்பாடத்துக்கு ஒரு குறிப்பேடு. கேன்டீனில் போன் வழியாகப் பணம் கட்டும் பழக்கம் இருந்தால் அதற்கும் மாற்று வேண்டும். இணையம் தேவைப்படும் பாடத்துக்குப் பள்ளியின் சாதனம். அதுவும் இல்லையென்றால், அந்தப் பாடத்தை வேறு விதமாக நடத்துங்கள். "கற்பிக்கத் தேவைப்பட்டால் அனுமதி" என்ற வாசகம் சில நாட்டுச் சட்டங்களிலேயே இருக்கிறது, உண்மைதான். ஆனால் தட்டிலிருந்து எடுத்து, பயன்படுத்தி, திரும்ப வைக்க எத்தனை நிமிடம் போகும் என்று ஒரு முறை செய்து பார்த்துவிட்டு அந்த வாசகத்தைச் சேருங்கள்.

படி 6: விதிவிலக்குகள்

சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு, தோலில் ஒட்டிய சென்சார் ரத்தச் சர்க்கரை அளவைப் பெரும்பாலும் போனுக்குத்தான் அனுப்பும். சில செவித்திறன் கருவிகளைப் போன் வழியாகத்தான் கட்டுப்படுத்த முடியும். பார்வைக் குறைபாடு உள்ளவருக்குத் திரையை வாசிக்கும் வசதி, பேச முடியாதவருக்குப் பேச்சுச் செயலி, இவையெல்லாம் உடல் உறுப்புபோல. இவர்களுக்கு அனுமதி என்பது சலுகையே இல்லை. மருத்துவக் காரணம் இல்லாத தேவைகளும் உண்டு: வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாயைக் கவனித்துக்கொள்ளும் மாணவர், வகுப்பின் மொழியை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் புது மாணவர்.

பள்ளி தொடங்கும் முன்பே பெற்றோரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுமதி பெற்றவருக்கு ஒரு சிறு அட்டை கொடுங்கள். அதில் காரணம் இருக்கக் கூடாது. எல்லா ஆசிரியர்களிடமும், விடுப்பில் போனவருக்குப் பதிலாக வரும் ஆசிரியரிடமும் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும். நாற்பது பேர் முன்னால் "உனக்கு மட்டும் ஏன் போன்?" என்ற கேள்வி ஒரு முறை எழுந்தால்கூட, அடுத்த நாள் அந்தப் பிள்ளை சென்சாரைப் பார்க்காமலே இருந்துவிடும்.

படி 7: பெற்றோர்

எதிர்ப்பு மாணவர்களிடமிருந்து வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை முதல் வாரம் அதிகம் தவித்தவர்கள் பெற்றோர்கள்தான்.

அவர்களின் பயம் இரண்டு வகை. ஒன்று அன்றாடம்: சாப்பிட்டானா, குடை எடுத்தாளா, மாலை யார் அழைத்து வருவது. இதற்கு விடை, எடுக்கப்படும் அலுவலகத் தொலைபேசி. சுற்றறிக்கை அனுப்புவதற்கு முன்பு நீங்களே வெளியிலிருந்து, வெவ்வேறு நேரத்தில், பத்து முறை அந்த எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். எத்தனை முறை யாராவது எடுத்தார்கள்? சொன்ன செய்தி அடுத்த இடைவேளைக்குள் மாணவர் கைக்குச் சீட்டாகப் போய்ச் சேர்ந்ததா? இல்லையென்றால் விதியைத் தள்ளிப்போடுங்கள். மாணவர் வீட்டுக்குப் பேசவும் அலுவலகத்தில் ஒரு தொலைபேசி இருக்கட்டும்; கெஞ்ச வைக்காதீர்கள்.

இன்னொன்று, ஏதாவது ஆபத்து என்றால்? இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளக் கூடாது. தீயோ வேறு ஆபத்தோ வரும்போது பிள்ளைகள் ஆசிரியரின் குரலைக் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் அழைத்தால் இணைப்பு திணறும், அரைகுறைத் தகவல் பரவும், பெற்றோரின் வண்டிகள் வாசலில் குவிந்து மீட்பு வண்டிக்கு வழியில்லாமல் போகும். ஒளிந்திருக்க வேண்டிய சூழலில் ஒலிக்கும் போன் காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொல்வதோடு, பள்ளி எத்தனை நிமிடத்துக்குள் எப்படித் தகவல் அனுப்பும் என்பதையும் சொல்லி, ஒரு முறை ஒத்திகையும் நடத்திக் காட்டுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் படி 2-இன் கரும்பலகைப் படத்தைக் காட்டுங்கள். "பாடவேளையில் வந்த செய்திகளில் இத்தனை உங்களிடமிருந்து வந்தவை" என்று சொன்னால் கூட்டத்தில் ஒரு கூச்சமான சிரிப்பு எழும். அதற்கப்புறம் பேச்சு எளிதாகிவிடும்.

படி 8: மீறினால்

யார் கேட்டு வாங்குவார் என்ற இரண்டாவது கேள்விக்கு விடை இங்கே. பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் வாங்கக் கூடாது. அவர் செய்ய வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "போனை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாப்பா, சாயங்காலம் வாங்கிக்கொள்." குரல் உயர வேண்டாம், கை நீள வேண்டாம், விவாதமும் வேண்டாம். "இல்லை சார், நேரம்தான் பார்த்தேன்" என்றால், "சரி, அதை அங்கே சொல்" என்றுவிட்டுப் பாடத்தைத் தொடர வேண்டும். மறுத்தால் சீட்டு எழுதி அனுப்ப, பொறுப்பாளர் ஒருவர் வந்து அழைத்துப் போவார். அந்தப் பொறுப்பாளர் ஒவ்வொரு பாடவேளைக்கும் யார் என்று அட்டவணை இருக்க வேண்டும். தனி ஆளாக ஆசிரியர் மல்லுக்கட்டும் காட்சி ஒன்றிரண்டு அரங்கேறினாலே விதி சரியத் தொடங்கிவிடும்.

முதல் முறை என்றால் அன்று மாலையே திருப்பித் தரலாம். இரண்டாம் முறையும் அப்படியே, கூடவே வீட்டுக்கு ஒரு தகவல். மூன்றாம் முறை பெற்றோர் வந்து வாங்கட்டும், உட்கார்ந்து பேசலாம். அபராதம் வேண்டாம், அது வசதியுள்ளவனுக்கு நுழைவுச்சீட்டு. மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். போனை உடைத்துக் காட்டும் கூத்தெல்லாம் வேண்டவே வேண்டாம். அது அடுத்தவர் சொத்து. எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பதற்கு உங்கள் பகுதிச் சட்டம் என்ன சொல்கிறது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போது ரசீது கொடுங்கள், அணைத்து உறையில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

வாங்கிய போனைத் திறந்து பார்க்காதீர்கள். மிரட்டலோ தகாத படமோ இருப்பதாகச் சந்தேகம் வந்தால் அப்போதும் நீங்கள் பார்க்கவோ, நகலெடுக்கவோ, சக ஆசிரியருக்கு அனுப்பவோ கூடாது. சிறுவர் தொடர்பான படமாக இருந்தால் நல்லெண்ணத்தில் அனுப்பியவரே பல நாடுகளில் குற்றவாளி ஆவார். போனை அணைத்து, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அப்படியே ஒப்படையுங்கள்.

படி 9: ஆசிரியர்களின் போன்

வகுப்பிலும் வராந்தாவிலும் வெளியே எடுக்க வேண்டாம். ஆசிரியர் அறையில் எடுக்கலாம். வருகைப் பதிவுச் செயலி போனில்தான் இருக்கிறது என்றால், எடுக்கும்போது "வருகை போடுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுங்கள். மாணவர்கள் இதைக் கவனிப்பார்கள்.

படி 10: தொடங்கும் வாரங்கள்

பருவத்தின் நடுவில் தொடங்காதீர்கள். விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் நல்லது. நான்கு வாரம் முன்பு சுற்றறிக்கை, மூத்த மாணவர்கள் சிலரோடு வரைவைப் படித்தல் (ஓட்டைகளை அவர்கள்தான் சரியாகக் காட்டுவார்கள், எங்கள் ஸ்மார்ட் வாட்ச் வரி ஒரு பத்தாம் வகுப்பு மாணவி சொன்னது), பிறகு ஒரு வாரம் தண்டனையில்லாத பழக்கம்.

மதிய இடைவேளைதான் சோதனை. முதல் சில நாள் பிள்ளைகள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவர் ஓரமாக நிற்பார்கள். பந்து, கேரம், சதுரங்கம், திறந்திருக்கும் நூலகம், உட்கார நிழல், இவற்றைத் தயாராக வைத்திருங்கள். இரண்டாவது வாரம் சத்தம் கூடும். ஓடிப் பிடித்து விழுந்து முட்டி உரசிக்கொள்வதும், நேருக்கு நேர் சண்டையும் கூடும். மேற்பார்வைக்கு இன்னும் ஒருவரைப் போடுங்கள். கட்டுப்பாடு தோற்றுவிட்டது என்று யாராவது சொன்னால் பொறுமையாக இருங்கள்.

படி 11: ஆறு வாரம் கழித்து

படி 2-இன் துண்டுச் சீட்டை மறுபடி ஒரு வாரம் கொடுங்கள். கோடுகள் எத்தனை குறைந்தன என்று பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் அப்படியே சொல்லுங்கள், குறையாவிட்டாலும். விதியை மீறியதால் அலுவலகத்தில் வாங்கி வைத்த போன்களின் பதிவேட்டைப் புரட்டுங்கள். ஒரே ஆசிரியரின் வகுப்பிலிருந்து மட்டும் வருகிறதென்றால் மற்ற வகுப்புகளில் யாரும் அனுப்புவதில்லை என்று அர்த்தம். ஒரே மாணவரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று தண்டனைப் பேச்சு இல்லாமல் கேளுங்கள்.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் புது ஆசிரியர்களுக்குப் படி 8-இன் அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொல்லிக் கொடுங்கள். தட்டுகளையும் ஒரு சுற்று பாருங்கள். ஏதாவது ஒரு வகுப்பில் எண் போட்ட அறைகளுக்குள் சாக்பீஸும் டஸ்டரும் இருந்தால், அந்த வகுப்பில் மட்டும் படி 10-இலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.